சக்திச் சொட்டும் முதுமாணி வகுப்பும்



அண்மையில் ஒரு நாள், காலைக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புகளுக்குச் சென்ற வேளையில், நமுனுகுல மலைச் சாரலிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் என்னைக் காண வந்தார். முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறிப்பவர். அன்றைய பேரை இழந்து வந்திருந்தார். தோட்டப்புறத்தை அறியாத நேயர்களுக்கு இதனைச் சற்று விளக்கவேண்டும். ஒரு நாள் உழைப்புச் செக்ரோலிற் பதிவாவதைத்தான் அங்கே 'பேர்' என்பார்கள். பேர் விழுந்தாற் கூலி உண்டு, விழாவிட்டால் இல்லை. அந்தப் பேரை விட்டுக்கொடுத்து வந்தவர், பிளாஸ்டிக் பையொன்றிற் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து என் மேசைமீது வைத்தார்.

கடிதம் அவருடைய மகளுக்கு வந்தது. மகள் என் பழைய மாணவி. பௌதிகவியல் பயின்று விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றவள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்று, குவாண்டம் விஞ்ஞானமும் தொழினுட்பமும் என்னும் துறையிலே முதுமாணி வகுப்பிற் சேர அவளுக்கு இடம் அளித்திருந்தது.

"ஐயா, புள்ள என்னமோ குவாண்டம்னு சொல்லுது. அது என்னா படிப்புங்க? படிச்சா வேல கெடைக்குமா? அவங்க அப்பாவோட சேமலாபக் காசு கொஞ்சம் கெடக்கு. அத எடுத்துக் குடுக்கலாமான்னு ஐயாவக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

நானோ கலைப் பட்டதாரி. வரலாறு படித்தவன். அணுவைப்பற்றி என்னிடம் கேட்பது, பயிர்ச்செய்கையைப்பற்றிக் கப்பலோட்டியிடம் கேட்பது போன்றது. ஆயினும் ஒரு தந்தையின் சேமலாப நிதி என் வாய்ச்சொல்லிற் தங்கியிருக்கும்போது, தெரியாது என்று கைவிரிக்க மனம் இடங்கொடுக்கவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் எனக்குத் தெரிந்த வழியிலேயே, அதாவது வரலாற்றின் வழியிலேயே, அந்தப் படிப்பை அணுகிப் பார்த்தேன். அதன் பயனே இன்றைய பேச்சு.

குவாண்டம் என்ற சொல்லுக்கு நம் நாட்டுத் தமிழ்ப் பாடநூல்கள் ஓர் அழகிய சொல்லை வழங்கின: சக்திச் சொட்டு. லயத்து ஓரத்தில் இருக்கும் பீலியை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் நீர் ஒரே ஒழுக்காக வருவதுபோற் தோன்றும். வரட்சி வந்து பீலி மெலிந்ததும் அது சொட்டுச் சொட்டாக விழக் காண்கின்றோம். வெப்பமும் ஒளியும் ஒழுக்காக வருவன என்றே விஞ்ஞானிகள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1900ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதி, பெர்லின் நகரில் மாக்ஸ் பிளாங்க் என்னும் பேராசிரியர், சூடேறிய பொருள் உமிழும் ஒளியின் கணக்கு நேராக வரவேண்டுமாயின், சக்தி சொட்டுச் சொட்டாகவே கொடுக்கப்படுகிறது என்று கொள்ளவேண்டும் என்றார். 1905இல் ஐன்ஸ்டீன், ஒளி தானே அத்தகைய சொட்டுகளால் ஆனது என்றார். 1913இல் நீல்ஸ் போர் இக்கருத்தை அணுவினுட் புகுத்தினார். 1925இலும் அதனை அடுத்த ஆண்டிலும் ஐசன்பேர்க், சுரோடிங்கர், டிராக் முதலியோர் இதனை முழுமையான ஒரு கணித சாத்திரமாக்கினர். அதன் நூறாண்டு நிறைவைக் கருதியே 2025ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை, குவாண்டம் விஞ்ஞானத்துக்கும் தொழினுட்பத்துக்குமான சர்வதேச ஆண்டாகப் பிரகடனஞ் செய்தது.

இவையெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பாவில் நிகழ்ந்தவை. ஆனால் நம் பிரதேசத்தில் இந்த விஞ்ஞானம் எவ்வாறு வேரூன்றியது என்று தேடியபோதுதான் எனக்கு ஆர்வம் மிகுந்தது. ஏனெனில் இங்கே அது பெரும் இயந்திரங்கள் நிறைந்த ஆய்வுகூடங்களிற் பிறக்கவில்லை. முதுமாணி வகுப்பறையிலே, கரும்பலகையின் முன்னே பிறந்தது.

1907ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டிலே சென்னைப் பிரசிடென்ஸிக் கல்லூரியில் சி. வி. இராமன் பௌதிகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888இற் பிறந்தவர். பட்டம் கையில் இருந்தது. ஆராய்ச்சிக்கு வேலை இல்லை. ஆகவே அரசாங்க நிதித் திணைக்களப் பரீட்சை எழுதி, கல்கத்தாவிற் கணக்கு உத்தியோகம் ஏற்றார். பகலெல்லாம் பேரேடு, மாலையானால் பவ்பஜார் வீதியிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுகூடம். பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி வந்தபோது, கூடிய சம்பளத்தைத் துறந்து அதனை ஏற்றார். 1928 பெப்ரவரி 28ஆம் திகதி, வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் உடனுழைக்க, அவர் கண்டறிந்ததே இராமன் விளைவு. ஒளிச்சொட்டொன்று மூலக்கூறொன்றின்மீது மோதும்போது தன் சக்தியிற் சிறிதளவைக் கொடுத்தோ வாங்கியோ நிறம் மாறுகிறது என்பது அதன் சாரம். கைக்கடக்கமான நிறமாலைகாட்டி ஒன்றே அவர்களுடைய முக்கிய கருவியாயிருந்தது. 1930இல் நோபெல் பரிசு வந்தது. கிருஷ்ணனோ, பின்னாளில் விஞ்ஞான விஷயங்களைத் தமிழில் எழுதுவதிலும் நாட்டங் கொண்டிருந்தார் என்பது நாம் பெருமைப்படத்தக்கது.

அதே 1907ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் ஒரு சட்டம் வந்தது. தோட்டங்களிலுள்ள ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி கிடைக்கத் தோட்டத்துரைமார் ஏற்பாடு செய்யவேண்டும் என்பது அது. பத்து வயதுக்குப்பின் அந்தப் பிள்ளை எங்கே போகும் என்று சட்டம் கேட்கவில்லை. மலைக்குத்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரே ஆண்டு, ஒரே மொழி பேசுவோர், இடையிலே ஒரு சிறு கடல். இராமனின் மாகாணத்திலிருந்து கங்காணிமாரோடு புறப்பட்டு மன்னார் வழியாக நடந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பத்து வயது எல்லை. வரலாற்று மாணவனுக்கு இத்தகைய ஆண்டொற்றுமைகள் வெறும் தற்செயல் என்று தெரியும். எனினும் கண்ணிற் பட்டபின் மறக்கமுடிவதில்லை.

இனிக் கல்கத்தாவுக்குத் திரும்புவோம். பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த அசுதோஷ் முகர்ஜி, விஞ்ஞானத்தில் முதுமாணி வகுப்புகளைத் தொடங்கினார். 1915இல் எம்.எஸ்ஸி. பரீட்சையில் முதலாவதாகத் தேறிய சத்யேந்திரநாத் போஸும், இரண்டாவதாகத் தேறிய மேகநாத் சாகாவும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அங்கே விரிவுரையாளர்களாயினர். சாகாவைப்பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். டாக்காவுக்கு அருகே ஒரு கிராமத்துச் சிறு கடைக்காரரின் மகன் அவர். ஊரில் மேல்வகுப்புப் பள்ளி இல்லை. வேற்றூர் வைத்தியர் ஒருவர் தம் வீட்டிலே தங்க இடங்கொடுத்தார். சிறுவன் அவ்வீட்டுப் பசுவைக் கவனித்துக்கொண்டு படித்தான். அந்த வைத்தியர் இல்லையேல், விண்மீன்களின் வெப்பநிலையை அவற்றின் நிறமாலையிலிருந்து கணிக்க வழிகாட்டிய 1920ஆம் ஆண்டின் சாகா சமன்பாடும் இல்லை.

இவ்விருவரும் கற்பிக்கவேண்டியிருந்த புதிய பௌதிகத்தை அவர்களுக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை. அப்போது முதலாம் உலக யுத்த காலம். ஐரோப்பியச் சஞ்சிகைகள் வந்து சேரா. புதிய நூல்களோ ஜெர்மன் மொழியில். ஆகவே ஜெர்மன் மொழி பயின்றனர். கல்கத்தாவில் வாழ்ந்த புரூல் என்னும் ஜெர்மானியப் பேராசிரியரின் சொந்த நூல்நிலையத்திலிருந்து பிளாங்கின் நூல் முதலியவற்றை இரவல் வாங்கினர். இரவிற் படித்ததைப் பகலிற் கற்பித்தனர். ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பல்கலைக்கழக வெளியீடாகவும் கொணர்ந்தனர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நேயர்கள் இந்த இடத்திற் சற்று நிற்கவேண்டுகிறேன். பாடத்திட்டம் மாறிவிட்டது, புத்தகம் வரவில்லை, பயிற்சி தரவில்லை என்று நாம் சொல்லும் குறைகள் யாவும் அவர்களுக்கும் இருந்தன.

1921இல் டாக்காப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. போஸ் அங்கே சென்றார். முதுமாணி வகுப்பிலே பிளாங்கின் விதியைக் கற்பிக்கவேண்டிய முறை வந்தது. அந்த விதியை நிறுவிய வழிகள் எவையும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஒரு படியிற் பழைய பௌதிகம், மறுபடியிற் புதிய பௌதிகம் என்று ஒட்டுப்போட்ட நிறுவல்கள் அவை. தமக்கே நம்பிக்கையில்லாத ஒன்றை மாணவர் முன் எழுதி மழுப்ப அவர் விரும்பவில்லை. தாமே வேறு வழி தேடினார். கண்டுகொண்டார்.

அவர் கண்டதை என்னால் இயன்றவரை நம் தோட்டத்துக் கணக்காகவே சொல்லிப் பார்க்கின்றேன். காலையில் பிரட்டுக்களத்தில் இரண்டு தொழிலாளர் நிற்கின்றனர்: மீனாட்சி, காளியம்மாள். மேல்மலை, கீழ்மலை என்று மலைகள் இரண்டு. இருவரையும் எத்தனை விதமாக அனுப்பலாம்? இருவரும் மேலே, இருவரும் கீழே, மீனாட்சி மேலே காளியம்மாள் கீழே, காளியம்மாள் மேலே மீனாட்சி கீழே. ஆக நான்கு விதம். இவற்றுள் இருவரும் ஒன்றாயிருக்கும் வகை நான்கில் இரண்டு, அதாவது சரிபாதி. இதுதான் பழைய கணக்கு. இனி அந்த இருவருக்கும் பெயரில்லை, முகமில்லை, ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்தறிய வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இருவரும் மேலே, இருவரும் கீழே, மேலே ஒருவர் கீழே ஒருவர் என மூன்று விதந்தான் உண்டு. ஒன்றாயிருக்கும் வகை மூன்றில் இரண்டாக உயர்ந்துவிடுகிறது. ஒளிச்சொட்டுகளை இந்த இரண்டாவது முறையிலேயே எண்ணவேண்டும் என்றார் போஸ். அவற்றுக்குச் செக்ரோல் இல்லை. கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட முடியாது. அப்படி எண்ணியதும் பிளாங்கின் விதி, பழைய பௌதிகத்தின் கைத்தாங்கல் இன்றித் தானே நேராக வந்து நின்றது. ஒளிச்சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க விரும்புவன என்ற உண்மையும் அதனுள் அடங்கியிருந்தது. பிற்காலத்து லேசர் ஒளிக்கு அடிப்படை அதுவே.

ஒளிக்குப் பெயர் இல்லாதிருப்பது இயற்கை. மனிதரையும் பெயரின்றித் தலைக்கணக்காக எண்ணிய ஓர் இடத்திலிருந்து இதைப் பேசுகிறேன் என்பதால், இந்த உவமை என் நாவிற் கொஞ்சம் கசக்கவே செய்கிறது. அது நிற்க.

போஸின் கட்டுரையை ஆங்கிலச் சஞ்சிகை பிரசுரிக்கவில்லை. 1924ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் திகதி, அதனை ஒரு கடிதத்துடன் ஐன்ஸ்டீனுக்கே அனுப்பினார். முன்பின் அறியாத ஒருவர், உலகப் புகழ்பெற்ற ஒருவருக்கு எழுதிய கடிதம். ஐன்ஸ்டீன் கட்டுரையைத் தாமே ஜெர்மன் மொழியில் மொழிபெயர்த்து அந்த ஆண்டிலேயே பிரசுரிக்கச் செய்தார். அதனைத் தொடர்ந்து அவர் எழுதியவற்றிலிருந்து, அணுக்கள் மிகக் குளிர்ந்தவிடத்து ஒன்றாகத் திரண்டு ஒரே நிலையை அடையும் என்ற எதிர்பார்ப்புப் பிறந்தது. அது ஆய்வுகூடத்தில் மெய்ப்பிக்கப்பட 1995ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. போஸின் பெயராற் 'போசன்' என்று ஒரு துணிக்கை இனமே வழங்குகிறது. அவர் முதுமாணிப் பட்டத்துக்குமேற் கலாநிதிப் பட்டம் எதுவும் படித்துப் பெற்றவரல்லர்.

அதே 1924ஆம் ஆண்டிலேதான் பதுளைக்குப் புகையிரதம் வந்தது. ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரையிலே தன்னையே சுற்றிக் கீழிறங்கும் வளையத்தையும் இன்று உல்லாசப் பிரயாணிகள் படமெடுக்கின்றனர். அந்தப் பாதை தேயிலைப் பெட்டி இறங்கிச் செல்வதற்காகப் போடப்பட்ட பாதை. பிள்ளைகள் அதில் ஏறிக் கலாசாலைக்குச் செல்ல இன்னும் இரண்டு தலைமுறை ஆயிற்று.

சென்னையில் 1928இல் நிகழ்ந்த ஒரு சந்திப்பையும் சொல்லாமற் போகலாகாது. ஜெர்மனியின் மியூனிக் நகரப் பேராசிரியர் சோமர்ஃபெல்ட் அவ்வாண்டு இந்தியாவுக்கு வந்து பிரசிடென்ஸிக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றினார். ஐசன்பேர்க்கின் ஆசிரியர் அவர். பதினெட்டு வயது மாணவர் ஒருவர் அவரைத் தங்குமிடத்திற் சென்று கண்டு, தாங்கள் எழுதிய அணுநூலை முழுவதும் படித்துள்ளேன் என்று பெருமையோடு கூறினார். அந்த நூல் வெளிவந்தபின் பௌதிகம் அடியோடு மாறிவிட்டது, நீ படித்தது பழைய பாடம் என்றார் பேராசிரியர். மாணவர் திகைத்துப்போனார். ஆனால் பேராசிரியர் அத்தோடு அவரை அனுப்பிவிடவில்லை. அச்சில் வராத தம் புதிய கட்டுரையின் அச்சுப் படிகளை அவர் கையிற் கொடுத்தார். அந்த மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அடுத்த ஆண்டிலேயே அவருடைய கட்டுரை இலண்டன் றோயல் சங்க வெளியீட்டில் வந்தது. 1930இல் இங்கிலாந்து செல்லும் கப்பலிலே, விண்மீனொன்று எரிந்து முடிந்தபின் அமைதியாக ஒடுங்குவதற்கு ஒரு நிறை எல்லை உண்டு என்று அவர் கணக்கிட்டார். சூரியனைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது இன்று கொள்ளப்படும் அளவு. 1983இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. சோமர்ஃபெல்ட் கற்பித்த அதே மியூனிக் பல்கலைக்கழகம், அந்நகரின் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 2020 முதல் குவாண்டம் விஞ்ஞானமும் தொழினுட்பமும் என்ற பெயரிலேயே இரண்டாண்டு முதுமாணி வகுப்பை நடத்துகிறது. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகமும் 2021இல் இத்துறையில் முதுநிலை வகுப்பொன்றைத் தொடங்கிற்று.

நம் இலங்கையில் எவரும் இல்லையா என்று நேயர்கள் கேட்கக்கூடும். இருந்தார். சி. ஜே. எலியேசர் என்னும் தமிழர், 1918இற் பிறந்தவர். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று, குவாண்டம் பொறிமுறையை ஆக்கிய மூலவருள் ஒருவரான டிராக்கின்கீழ் ஆராய்ச்சி செய்தவர். ஐதரசன் அணுவில் இலத்திரனின் இயக்கத்தைப் பழைய கதிர்வீசல் கொள்கைகொண்டு கணித்தால் என்ன ஆகும் என்று 1943இல் அவர் வெளியிட்ட கட்டுரை வியப்பான முடிவைத் தந்தது. நேராக மையத்தை நோக்கி விழும் இலத்திரன் மையத்தைச் சென்றடையாமலே திரும்பி ஓடிவிடும் என்று அந்தக் கணக்குச் சொல்லிற்று! இயற்கையில் அவ்வாறு நிகழ்வதில்லை. பழைய கொள்கையின் போதாமை அதனால் இன்னும் தெளிவாயிற்று. இயக்கச் சமன்பாடொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1949 முதல் பத்தாண்டுகள் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராயிருந்து, பின் மலாயாவுக்கும், 1968இல் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றார். 2001இற் காலமானார். டிராக்கிடம் நேரே பாடங்கேட்ட ஒருவர் கொழும்பிற் கரும்பலகையின் முன் நின்ற அந்த ஆண்டுகளில், ஊவாத் தோட்டங்களின் நிலை என்ன?

1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவராக்கிற்று. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு, அதுவே பாடசாலை. 1977 முதற்கொண்டே அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. நான் பிறந்த லயத்துக்கு அரசாங்கப் பாடசாலை வந்த ஆண்டுகளை நான் கண்ணாற் கண்டேன். எங்கள் பாடசாலைக்கு முதன்முதல் வந்த அரசாங்கச் சீமைக்கட்டிப் பெட்டியின் மணம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. 2005இற் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. எனவே பாதை திறந்துவிட்டது என்று வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணக்கூடும்.

பாதையில் ஓரிடத்திற் பாலம் இல்லை. அந்த இடம் பல்கலைக்கழக வாசலுமன்று, முதுமாணி வகுப்பு வாசலுமன்று. பதினாறு வயதிற் சாதாரண தரப் பரீட்சை முடியும் இடம் அது. உயர்தரத்திற் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் உள்ள பாடசாலையை 1ஏபி என்பர். கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டும் உள்ளது 1சி. தோட்டப்புறத்துத் தமிழ்ப் பாடசாலைகளுள் உயர்தரம் இருப்பவை பல 1சி வகுப்பினவே. என் பாடசாலையும் அத்தகையது. பல்கலைக்கழக அனுமதியிற் பதுளை, கல்வியிற் பின்தங்கிய மாவட்டமாகக் கணிக்கப்படுகிறது. மாவட்ட ஒதுக்கீடு உண்டு. ஆனால் அந்த ஒதுக்கீடு பட்டினத்துப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒன்றே. பௌதிகவியல் கற்பிக்க ஆளில்லாத இடத்தில் ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கவே பிள்ளை இல்லை.

இங்கே என் தவறொன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இந்தப் பெண் சாதாரண தரத்தில் கணிதத்தில் ஏ சித்தி பெற்று வந்து நின்றபோது, நான் அவளிடம், "கலைப் பிரிவிற் சேர். நம் பாடசாலையிலேயே படிக்கலாம். ஆசிரிய நியமனமும் கிடைக்கும்" என்றேன். நல்லதையே சொல்வதாக நினைத்தேன். எனக்கு அதே அறிவுரையை என் ஆசிரியர் கூறியிருந்தார், நானும் கேட்டேன், அதிபராகவும் ஆனேன். ஆனால் அவள், "சேர், எனக்குக் கணக்குத்தான் வேணும்" என்றாள். இரண்டு நாள் கழித்துத் தாயும் மகளும் வந்து விடுகைப் பத்திரம் கேட்டனர். அதிற் கையொப்பம் இடும்போதும், மூன்று மாதத்திற் திரும்பி வந்துவிடுவாள் என்றே எண்ணினேன். விடியுமுன் எழுந்து இரண்டு மைல் நடந்து, முதல் பஸ்ஸைப் பிடித்துப் பட்டினத்துப் பாடசாலைக்கு இரண்டரை ஆண்டு போய்வந்தாள் அந்தப் பிள்ளை. அங்கும் பல மாதங்கள் பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லாதிருந்ததாகப் பின்னர்தான் அறிந்தேன். அவள் என் சொல்லைக் கேட்டிருந்தால், அந்தத் தாயின் கையிற் கடிதம் இருந்திராது.

அவ்வகுப்பில் என்னதான் படிப்பிப்பார்கள் என்று அவளையே தொலைபேசியிற் கேட்டேன். சிக்கலெண்கள், தாயங்கள், நிகழ்தகவு ஆகிய மூன்றுமே அத்திவாரம் என்றாள். உயர்தர இணைந்த கணிதத்திற் கால்கோள் இடப்படும் பாடங்கள் அவை. அவற்றின்மேல் குவாண்டம் பொறிமுறை, ஒளியியல், திண்மப் பொருட் பௌதிகம். அதன்பின் கியூபிட் என்னும் புதுவகைக் கணிப்பு அலகு. சாதாரணக் கணினியின் அலகு பூச்சியமாகவோ ஒன்றாகவோ இருக்கும். இது அளக்கும்வரை இரண்டும் கலந்த நிலையில் இருக்கவல்லது. இரு துணிக்கைகளின் நிலைகள், அவற்றைத் தூரப் பிரித்த பின்னும் பின்னிக் கிடக்கும் விந்தையும் பாடத்தில் உண்டு. அதனைப் பரிசோதனையால் நிலைநாட்டிய மூவருக்கு 2022இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஒற்றர் ஒட்டுக்கேட்டாற் காட்டிக்கொடுத்துவிடும் இரகசியக் குறியீட்டு முறை 1984இல் வகுக்கப்பட்டது. பெரிய எண்களைக் காரணிப்படுத்த இத்தகைய கணினி வல்லது என்று பீற்றர் ஷோர் 1994இற் காட்டியதும், வங்கிகளும் அரசாங்கங்களும் விழித்துக்கொண்டன. இன்று நாம் பயன்படுத்தும் பல பூட்டுகள் அந்தக் காரணிப்படுத்தலின் அருமையிலேயே தங்கியுள்ளன. 2023இல் இந்திய அரசாங்கம் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஆறாயிரம் கோடி ரூபாவுக்குமேல் ஒதுக்கியது இவற்றையெல்லாம் எண்ணியே.

அவள் மேலும் ஒன்று சொன்னாள். "சேர், முதல் ஆண்டிற் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கஷ்டமாயிருந்தது குவாண்டம் இல்லை, ஆங்கிலம். குவாண்டம் எல்லாருக்குமே புதிது; அதிலே நான் பின்னால் இல்லை." இந்த வார்த்தையை நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

குறித்த நாளில் தாய் மறுபடியும் வந்தார். இம்முறை மாலையில், பேரை இழக்காமல். என் மேசைமேலிருந்த சிறு வானொலிப் பெட்டியை அவரிடங் காட்டினேன். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் செய்யப்பட்ட திரான்சிஸ்டர் என்னும் சிறுபொருள், இலத்திரன் திண்மப் பொருளினுள் எவ்வாறு நடமாடுகிறது என்ற குவாண்டம் அறிவிலிருந்து வந்தது. அதனாற்றான் மின்சாரம் இல்லாத லயத்திலும் பற்றரியிற் பாட்டுக் கேட்டோம் என்றேன். மகளுடைய படிப்பு அந்த அறிவின் அடுத்த படி என்றேன். வேலையைப்பற்றி உண்மையையே கூறினேன். படித்து முடித்த எல்லோரும் குவாண்டம் கணினி செய்யப்போவதில்லை. சிலர் ஆராய்ச்சிக்குச் செல்வர், சிலர் கணினி நிறுவனங்களிலும் தகவற் பாதுகாப்பிலும் நுண்கருவித் தொழிலிலும் அமர்வர், சிலர் ஆசிரியராவர். உதவிப்பணம் கேட்டு அவள் எழுதிய விண்ணப்பத்துக்கு விடை வரும்வரை சேமலாப நிதியைத் தொடவேண்டாம் என்றும், விடை சாதகமாயின் பிரயாணச் செலவுக்கு மட்டும் அதில் எடுக்கலாம் என்றும் சொன்னேன். இதற்குமேற் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பின்பு, அவர் கேட்காமலே, டாக்காவின் கதையையும் சொன்னேன். மீனாட்சி, காளியம்மாள் கணக்கைக் கேட்டு அவர் சிரித்தார். "மேல்மலையில அட்டை கூட, ரெண்டு பேரும் கீழ்மலைக்குத்தான் போவாங்க" என்றார். போஸ் ஐன்ஸ்டீனுக்குக் கடிதம் எழுதிய இடத்தில் நான் நிறுத்தியபோது, "அந்தக் கடுதாசிக்குப் பதில் வந்துச்சாங்க ஐயா?" என்று கேட்டார்.

வந்தது. கடிதமன்று, ஓர் அஞ்சலட்டை, ஐன்ஸ்டீனின் கையெழுத்தில். மேற்படிப்புக்கு ஐரோப்பா செல்ல விடுமுறை கேட்டுக் காத்திருந்த போஸ், அந்த அட்டையைத் துணைவேந்தரிடங் காட்டினார். இரண்டாண்டு விடுமுறை கிடைத்தது. ஜெர்மன் கொன்சல் அலுவலகத்திற் காட்டினார். கட்டணம் வாங்காமலே அனுமதி முத்திரை குத்திக் கொடுத்தனர்.

தாய் தம் கடிதத்தை எடுத்து ஒருமுறை இருபுறமும் பார்த்தார். அதனைப் பிளாஸ்டிக் பையிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பசறைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.